கடலோரத்து மந்தை

ஆடு மேய்ப்பவன் தன் மந்தையைப் புல் உள்ள இடம் நோக்கி ஓட்டிச் செல்வான். இஃது உலக வழக்கு. இதற்கு மாறாக, ஆடுகள் புல்வெளிக்குள் புகாதவாறு ஊரைச் சுற்றி நெடுஞ்சுவர் எழுப்பி, அவற்றைக் கடற்கரையிலேயே மேயவிட்ட மக்களும் உளர். அவர்கள் வாழும் இடம் யாது? அவர்கள் அவ்வாறு செய்தது ஏன்? அச்சுவரை இன்று காப்பவர் யாவர்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடமுனைக்கு அப்பால் ஆர்க்கினி என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ 70 தீவுகள் உண்டு. அவற்றுள் மக்கள் வாழ்வன இருபது அளவினவே. அத்தீவுகளுக்கெல்லாம் வடகோடியில், அலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கின்றது நார்த் ரொனால்ட்சே என்னும் சிறு தீவு. அதன் நீளம் மூன்று மைல் அளவே. அங்கே மலை இல்லை. மரங்களும் மிக அரியன. தடுப்பார் இன்றிக் கடற்காற்று தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வீசிச் செல்லும். மார்கழித் திங்களில் பகற்பொழுது ஆறு மணி நேரமே. ஆனித் திங்களிலோ அது பதினெட்டு மணி நேரம் நீளும். கடல் கொந்தளித்தால் கப்பல் வாராது; காற்று மிகுந்தால் சிறு விமானமும் இறங்காது. ஆதலின் அத்தீவினர் தம் தேவைகள் பலவற்றைத் தாமே நிறைவு செய்துகொள்ளப் பழகியுள்ளனர்.

அவர்தம் வாழ்க்கை சிறுபண்ணை வாழ்க்கையாகும். ஒரு வீடு, அதனை ஒட்டித் தொழுவம், சில வயல்கள், சில மாடுகள், கடற்கரையில் ஆடுகள் என இவையே ஒரு குடும்பத்தின் செல்வம். குளிர்காலத்தில் பொழுது புலர்வதற்கு நெடுநேரம் முன்னரே உழவன் எழுந்து தொழுவம் செல்கின்றான். மழையும் வாடையும் வருத்தும் அந்நாள்களில் மாடுகளை வெளியில் விடுதல் இயலாது. கோடையில் அறுத்துச் சேமித்த புல்லையும் தீனிக்கென விளைவித்த கிழங்கையும் அவற்றிற்கு இடுதல் வேண்டும். சாணம் வாரித் தொழுவத்தைத் தூய்மை செய்தல் வேண்டும். காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ ஒருநாள் இருந்துவிட்டால் வாயில்லா உயிர்கள் பசியால் வாடும். கால்நடை வளர்ப்போர்க்கு ஓய்வு நாள் என்பது யாண்டும் இல்லை.

காற்றின் கொடுமையிலிருந்து கீரையைக் காப்பதும் அங்கே ஒரு கலையாகும். கல்லை வட்டமாக அடுக்கிச் சிறு சுவர் எழுப்பி, அதன் நடுவே கோசு நாற்றுகளை வளர்ப்பர். மரம் இல்லாத தீவில் கல்லே வேலி. கல்லே கூரைக்குத் துணை. கல்லே உழவனுக்குத் தோழன்.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனவும், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை எனவும் நம் முன்னோர் பகுத்துரைத்தனர். மந்தை மேய்த்தல் முல்லை நிலத்தார் தொழில். ஆயின், இத்தீவிலோ மந்தை மேய்வது நெய்தலில்! இவ்விந்தை நிகழ்ந்த வரலாறு சுவையானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்கினித் தீவினர் கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்றுவந்தனர். கண்ணாடிக்கும் சவர்க்காரத்திற்கும் வேண்டிய உப்புப் பொருள் அச்சாம்பலில் இருந்தது. பின்னர் அப்பொருள் வேறு வழிகளில் மலிவாகக் கிடைத்தமையால் அத்தொழில் நலிந்தது. நிலவுடைமையாளர் பயிர்த்தொழிலையும் மாடு வளர்ப்பையும் நாடினர். விளைநிலத்தை ஆடுகளிடமிருந்து காத்தல் வேண்டுமே! ஆகவே, 1832-ஆம் ஆண்டில் தீவைச் சுற்றி ஒரு கற்சுவர் எழுந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 13 மைல்; உயரம் ஓர் ஆள் அளவு. சுண்ணச்சாந்து ஏதுமின்றிக் கல்லின்மேல் கல்லை அடுக்கியே அது கட்டப்பட்டது. மாடும் பயிரும் சுவருக்கு உள்ளே. ஆடுகள் சுவருக்கு வெளியே.

வெளியே தள்ளப்பட்ட ஆடுகள் என்ன செய்தன? அழிந்தனவா? இல்லை. கடல் ஒதுக்கிய பாசியையே தம் முதன்மை உணவாகக் கொண்டு வாழ்ந்தன. அவை உருவில் சிறியன. வளர்ந்த பெண்ணாடு ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையே இருக்கும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு எனப் பல நிறத்தன. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு கரைப்பகுதியை உரிமையாகக் கொண்டு அங்கேயே பெரிதும் உலவும்.

ஏனைய ஆடுகள் பகலில் மேய்ந்து இரவில் ஓய்வு கொள்ளும். இவ்வாடுகளுக்கோ கதிரவன் கடிகாரம் அல்லன், கடலே கடிகாரம். கடல்நீர் வற்றிப் பாறைகள் வெளிப்படும்போது, நள்ளிரவாயினும் நண்பகலாயினும், அவை இறங்கி மேயும். நீர் ஏறும்போது கரையேறிப் படுத்து அசைபோடும். குளிர்காலத்தில் புல் மேயும் ஆடுகள் மெலிவது இயல்பு. இவையோ அக்காலத்திலேதான் கொழுக்கின்றன. குளிர்காலப் புயல் கடலடிப் பாசியைப் பெயர்த்துக் கரையில் குவிப்பதே அதற்குக் காரணம். ஊரார்க்கு அச்சம் தரும் புயல் ஆட்டுக்கு உணவு தருகின்றது.

இவ்வுணவுப் பழக்கத்தால் அவற்றின் உடலிலும் ஒரு மாறுதல் ஏற்பட்டது. உயிர்களின் உடலுக்குச் சிறிதளவு செம்புச்சத்து வேண்டும். கடற்பாசியில் அச்சத்து மிகக் குறைவு. ஆகவே, கிடைத்த அற்ப அளவையும் வீணாக்காமல் ஈர்த்துக்கொள்ளும் ஆற்றலை இவ்வாடுகள் பெற்றுள்ளன. அவ்வாற்றலே சில வேளைகளில் கேடாகவும் முடிகின்றது. புல்லில் செம்புச்சத்து மிகுதி. நெடுங்காலம் புல்லையே மேய்ந்தால் அச்சத்து உடலில் மிகுந்து நஞ்சாகிவிடும். பயிரை ஆட்டிடமிருந்து காக்கக் கட்டிய சுவர், நாளடைவில் ஆட்டையும் புல்லிடமிருந்து காக்கும் சுவராயிற்று. வேனிற்பருவத்தில் குட்டி ஈனும் தாயாடுகளை மட்டும் சில திங்கள் உள்ளே கொணர்ந்து அளவாகப் புல் மேயவிட்டுப் பின்னர்க் கரைக்கே அனுப்புவர்.

இம்மந்தை ஒருவருக்கே உரியதன்று; பல குடும்பங்களின் ஆடுகள் கலந்து மேய்கின்றன. இன்னாரது ஆடு இதுவெனக் காதில் இட்ட வெட்டுக்குறியால் அறிந்துகொள்வர். 1839-ஆம் ஆண்டில் தீவினர் விதிகள் சில வகுத்தனர். ஒரு பண்ணைக்கு எத்தனை ஆடு, சுவரில் எப்பகுதியைப் பழுதுபார்ப்பது யார் கடமை என்பனவற்றை அவ்விதிகள் வரையறுத்தன. அவற்றை நடத்தும் ஊர்ச்சபைக்கு 'ஆட்டு மன்றம்' என்னும் பொருளுடைய பெயர் வழங்குகின்றது.

கம்பளி கத்தரிக்கும் நாள் ஊருக்கெல்லாம் பொதுநாள். கடலேற்றம் மிகுந்து கரை குறுகும் வேளை பார்த்து, முதியோரும் இளையோரும் வரிசையாக நின்று ஆடுகளை வளைத்துக் கரையோரத்துக் கற்பட்டிக்குள் ஓட்டுவர். அத்தகைய பட்டிகள் தீவைச் சுற்றி ஒன்பது உள்ளன. ஒருவன் தன் இடத்தை விட்டு அகன்றாலும் அவ்வழியே மந்தை முழுவதும் தப்பிவிடும். எத்துணை வல்லவனாயினும் தனியொருவனால் இவ்வாடுகளைப் பிடித்தல் அரிது.

இன்று அத்தீவினர்க்கு ஒரு பெருங்கவலை நேர்ந்துள்ளது. முன்னாளில் நூற்றுக்கணக்கான மக்கள் வாழ்ந்த தீவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருந்தோர் 72 பேர் மட்டுமே. முதியோரையும் மழலையரையும் சேர்த்து எண்ணினாலும், ஒருவர் பங்கிற்குச் சுவரில் 250 மீட்டருக்கு மேல் வருகின்றது. 2012-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வீசிய புயல் சுவரைப் பல இடங்களில் சரித்துவிட்டது. சுவர் சரிந்தால் பயிர் கெடும். ஆடுகள் புல் மேய்ந்து நோயுறும். உள்ளே வளரும் வேற்றின ஆடுகளோடு கலந்து தம் இனத் தூய்மையையும் இழக்கும்.

இவ்வினம் ஓரிடத்திலேயே இருப்பது நன்றன்று எனக் கருதி, அரிய கால்நடை இனங்களைக் காக்கும் பிரிட்டானியக் கழகம் ஒன்று 1974-ஆம் ஆண்டிலேயே லிங்கா ஹோம் என்னும் ஆளில்லாத் தீவை வாங்கி, மந்தையில் ஒரு பகுதியை அங்குக் குடியேற்றியது. 2016-ஆம் ஆண்டு முதல் தன்னார்வத் தொண்டர்கள் கோடைதோறும் தீவுக்கு வந்து, ஊராரோடு சேர்ந்து கல்லெடுத்து அடுக்கக் கற்றனர். 2019-ஆம் ஆண்டில் சுவரைப் பேணுவதற்கென்றே ஒரு பணி ஏற்படுத்தப்பட்டது. தீவின் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கட்டடத்தில் கம்பளி நூற்கும் சிற்றாலை ஒன்றும் அமைந்தது. ஆட்டால் வருவாய் உண்டானால்தான் இளைஞர் தீவில் தங்குவர். இளைஞர் தங்கினால்தான் சுவர் நிற்கும்.

மாணவர்களே! சாந்து பூசாத அச்சுவரில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாங்கி நிற்கின்றது. அதனைக் காக்கும் மக்களும் அவ்வாறே ஒருவரையொருவர் தாங்கி நிற்கின்றனர். தன் பங்குச் சுவரைத் தான் செப்பனிடாதவன் பிறருடைய ஆட்டுக்கும் பிறருடைய பயிர்க்கும் கேடு செய்தவன் ஆகின்றான். பொதுச்செல்வம் எதுவாயினும் அதற்கும் இவ்வுண்மை பொருந்தும். நம் பங்குக் கல் எதுவென அறிந்து, அது விழுந்தபோது எடுத்து வைப்பது நம் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நார்த் ரொனால்ட்சேத் தீவினர் கற்சுவர் எழுப்பியதன் காரணம் யாது?
2. "கடலே கடிகாரம்" என்னும் தொடரை விளக்குக.
3. கற்சுவர் ஆடுகளுக்குக் காவலாக அமைந்தது எவ்வாறு?
4. உம் ஊரில் பலர் கூடிக் காத்துவரும் பொதுச்செல்வம் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.