வயிற்றுக்குள் சீழும் வடிகுழாயும்

 

மருத்துவ உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வந்த ஒரு சகோதரி அழுதார். "அத்தாவுக்கு ஈரல்ல சீழ் கட்டியிருக்காம். குழாய் போடணும்னு சொல்றாங்க. குழாய் போடுற அளவுக்குப் போயிடுச்சுன்னா இனி என்ன இருக்கு?" இந்தப் பயம் பல வீடுகளில் இருப்பதால் இம்மாதம் இதையே எழுதுகிறோம்.

சீழ்க்கட்டி ஈரலில் அமீபாவாலும் பாக்டீரியாவாலும் வரும். குடல்வால் வெடித்த பின்னும், வயிற்று ஆபரேஷனுக்குப் பின்னும் வயிற்றுக்குள் வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீழைச் சுற்றி உடல் ஒரு சுவர் எழுப்பிவிடுவதால் மருந்து உள்ளே போதிய அளவு சேர்வதில்லை. அமீபா கட்டிகளில் பெரும்பாலானவை மருந்திலேயே குணமாகும். பெரிதாக இருந்தால், காய்ச்சல் இறங்காவிட்டால் அதையும் வடிக்க நேரும்.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் வடித்தார்கள். இப்போது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியைச் செலுத்துகிறார்கள். ஊசி வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். தடிமன் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அதாவது, குழாய் என்பது பெரிய ஆபரேஷனைத் தவிர்க்கும் வழி. ஆனால் குடலில் ஓட்டை இருந்தால் ஆபரேஷனும் தேவைப்படலாம். (இதற்கு 'பிக்டெயில்' என்று பெயர். கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். நுனி சுருண்டிருப்பதால் வந்த பெயர், பொருள் பிளாஸ்டிக்தான்.)

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாம் பார்த்தவரை தவறு நடப்பது குழாய் போட்ட பிறகுதான். சில நாளில் காய்ச்சல் விட்டதும், "எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போகிறோம்" என்று நிற்கிறோம். ஓர் இளைஞரின் வீட்டார் அப்படி வற்புறுத்தி எடுக்க வைத்தார்கள். மறுபடி சீழ் கோத்து, மறுபடி குழாய், மறுபடி செலவு. காய்ச்சல் இல்லாமல், வடிவது ஒரு நாளைக்கு 10, 20 மில்லிக்குள் குறைந்து, கட்டி சுருங்கியதென்று தெரிந்த பின்பே எடுப்பார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

பை இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். வடிந்ததைத் தினமும் அளந்து எழுதுங்கள். திடீரென்று நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், குழாய் அடைத்திருக்கலாம். குளிர்காய்ச்சல், பையில் ரத்தம், மூச்சுத்திணறல், குழாய் நழுவுதல் - எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நழுவிய குழாயை நீங்களே உள்ளே தள்ள வேண்டாம்.

அந்தச் சகோதரியின் அத்தா இப்போது வீட்டில் இருக்கிறார், பையோடு. பேரப்பிள்ளையின் பழைய நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள். நேற்றைய அளவு 35 மில்லி. குழாய் இன்னும் இருக்கிறது.