மேக்னட் ஷீட்டில் விலைப் பலகை: ஆர்டர் கொடுக்கும் முன் அறிய வேண்டியவை

அரிசி, பருப்பு, எண்ணெய் விலைகள் சில சமயம் ஒரே வாரத்தில் இரண்டு முறை மாறுகின்றன. சாக்பீஸால் எழுதிய விலை கை பட்டால் அழிகிறது. ஸ்டிக்கராக ஒட்டினால் சுரண்டி எடுக்க வேண்டியுள்ளது. பழைய விலை பலகையில் நின்றுவிட்டால், பில் போடும்போது வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவதோடு, வித்தியாசத்தையும் நாமே ஏற்க நேரிடுகிறது. மேக்னட் ஷீட்டில் வெட்டிய எண்கள் இதற்கு நல்ல வழி. ஆனால் விவரம் அறியாமல் ஆர்டர் கொடுத்தால் பணம் வீணாகும்.

பொருள் எது?

ஃபெரைட் என்ற காந்தத் தூளை ரப்பர் அல்லது பிளாஸ்டிக்குடன் கலந்து தகடாக உருட்டியதே மேக்னட் ஷீட். ஃபிரிட்ஜ் கதவு ஓரத்து ரப்பருக்குள் இருக்கும் பட்டையும் இதே இனம்தான். பின்பக்கத்தில் காந்தம் ஏற்றியிருப்பார்கள். முன்பக்கம் அச்சடிக்க வெள்ளைப் படலம் இருக்கும்.

எங்கே ஒட்டும்?

இரும்புத் தகடு, ஜி.ஐ. தகடு, இரும்பு ரேக் ஆகியவற்றில் ஒட்டும். அலுமினியம், கண்ணாடி, ஃபைபர் ஆகியவற்றில் ஒட்டாது. எவர்சில்வர் தகடுகளில் பெரும்பாலானவற்றிலும் பிடிக்காது. ஷட்டரில் வரி வரியாக மேடு பள்ளம் இருப்பதால் அதற்கும் உதவாது. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தாலும் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஆகவே முதலில் ஒரு சிறு காந்தத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பிறகு ஆர்டர் கொடுங்கள்.

கனம்

கடைக்குள் வைக்கும் எண்கள், ரேக் சீட்டுகளுக்கு 0.4 முதல் 0.5 மி.மீ. போதும். வாகனத்தில் வைக்கும் போர்டுக்கு 0.75 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 0.75 மி.மீ. ஷீட் ஒரு சதுர அடி சுமார் கால் கிலோ எடை இருக்கும். கனம் குறைந்த சரக்கு வந்தால் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

அச்சு

1. போர்டு ஒன்றிரண்டு என்றால் வினைல் ஸ்டிக்கரில் பிரிண்ட் எடுத்து ஷீட்டின் மேல் ஒட்டுவது சுலபம். சால்வென்ட் மையில் அடித்த பிரிண்டை ஒரு நாள் உலரவிட்டே லேமினேஷன் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் சுருளும்.

2. ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகும்.

வெட்டுதல்

வெட்டும் மேஜை இரும்பாக இருக்கக் கூடாது, ஷீட் ஒட்டிக்கொள்ளும். இரும்புத் துகளும் பின்பக்கத்தில் சேரும். பிளைவுட் அல்லது ரப்பர் பாய் மேல், அச்சுப் பக்கம் மேலே தெரிய வைத்து, புதுப் பிளேடால் இரண்டு மூன்று முறை கீறுங்கள். கனமான ஷீட்டை ஆழமாகக் கீறி மடக்கினால் கோட்டோடு பிரிந்துவிடும். மெல்லியதைக் கத்தரிக்கோலாலேயே வெட்டலாம்.

எண்களின் கணக்கு

எண் ஒன்று 2 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்றால் ஒரு சதுர அடியில் 24 எண்கள் கிடைக்கும். பத்துச் சரக்குகளுக்கு மூன்று இலக்க விலை காட்ட ஒரே நேரத்தில் 30 எண்கள் தேவை. எல்லா எண்ணையும் சமமாக வெட்டச் சொன்னால் சில எண்கள் போதாது, சில எண்கள் சும்மா கிடக்கும். விலைகள் அதிகமாக 0, 5 என்று முடியும் கடைகளில் அவ்விரண்டும் எட்டு எட்டு, மற்ற எட்டு எண்களும் நான்கு நான்கு என்று வெட்டினால் மொத்தம் 48. சரியாக இரண்டு சதுர அடி. துண்டு மீதி விழாது. 6ஐத் தலைகீழாக வைத்தால் 9 ஆகும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் வசதி.

வாகன போர்டு

வாடகை வண்டியில் சரக்கு அனுப்புவோர் கடைப் பெயரை இதில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்து வைக்கலாம். இதில் கவனக்குறைவு ஆபத்து. ஓடும் வண்டியிலிருந்து போர்டு பறந்தால் பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு விபத்து நேரும். எனவே:

* நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையைக் காற்று எளிதில் தூக்கும்.
* சமதளமான இடத்தில் மட்டும் வையுங்கள். கதவு இடுக்கு, வளைவு, நெளிவு மேல் வேண்டாம்.
* தூசியையும் ஈரத்தையும் துடைத்த பிறகு வையுங்கள்.
* வாரம் ஒருமுறையாவது எடுத்து இருபக்கமும் துடையுங்கள். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் பெயின்ட் கெடும்.
* நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது.

எடுத்து வைக்கும்போது தட்டையாக வையுங்கள். சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அச்சுப் பக்கம் வெளியே இருக்கட்டும். காந்தப் பட்டை உள்ள பழைய வங்கி அட்டைகள் அருகில் வேண்டாம்.

மாறாத எழுத்துக்கு மேக்னட் ஷீட் தேவையில்லை. கடைப் பெயர்ப் பலகைக்குப் பெயின்டோ ஸ்டிக்கரோ போதும், செலவும் குறைவு. அடிக்கடி மாறுவதற்கும், கழற்றி மாட்டுவதற்கும் மட்டுமே இதை வாங்குங்கள். போட்ட பணம் வீண் போகாது.