நம்பிக்கைகளும் உண்மைகளும்: நேற்றிலிருந்து நிற்கிற டொக்டர்

வெள்ளவத்தையில் கல்யாண வீடாகட்டும், கொட்டாஞ்சேனையில் செத்த வீடாகட்டும், பேச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினால் இந்தக் கதை வந்துவிடும்: "டொக்டர்மாரை நேரத்துக்கு நேரம் மாத்தினால் நோயாளியை ஆர் பாக்கிறது? நேற்றிலிருந்து நிக்கிற பிள்ளைக்குத்தானே எல்லாம் தெரியும்." படித்தவர்கள் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற டொக்டர்கள் இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களிலேயே வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இது பிழை. ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

வார்ட்டில் 'எச்.ஓ.' என்று கூப்பிடப்படுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பேரவையின் தற்காலிகப் பதிவோடு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சியில் இருப்பவர். ஆறு மாதம் ஒரு பிரிவு, அடுத்த ஆறு மாதம் இன்னொரு பிரிவு. நோயாளியை வார்ட்டில் ஏற்பது, இரத்தம் எடுப்பது, கனுலா போடுவது, ரிப்போர்ட் தேடி அலைவது, வீட்டுக்குப் போகிறவருக்கு டயக்னோசிஸ் கார்ட் எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான். கசுவல்டி நாளில் காலையில் தொடங்கிய வேலை மறுநாள் பின்னேரம்வரை இழுபடும்.

அப்படியொரு பின்னேரம் எங்கள் கவுண்டருக்கு ஒரு துண்டு வந்தது. மூட்டுவாதம் உள்ள ஒரு அம்மாவுக்கு மெதொட்ரெக்ஸேட். அந்த வருத்தத்துக்கு அதைக் கிழமைக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். துண்டில் 'தினமும் காலை' என்று இருந்தது. தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை செயலிழக்கும், வாய் முழுக்கப் புண் வரும், உயிரே போகலாம். வார்ட்டுக்கு ஃபோன் எடுத்தேன். எழுதிய பிள்ளை முதல் நாள் காலையிலிருந்து நிற்கிறார். "சரிதானே மிஸ்" என்றார். இரண்டாம் தரம் வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மாவின் வருத்தம், ரிப்போர்ட், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நோயாளியைத் தெரிந்திருந்தும் கை பிழையாக எழுதியது, ஏனென்றால் மூளை நித்திரையில் இருந்தது.

இது ஒரு பிள்ளையின் கவனக்குறைவு அல்ல. 24 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு விழுகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நிலையில் காலி வீதியில் வாகனம் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். ஊசி போட மட்டும் நாங்கள் விடுகிறோம்.

2004இல் பொஸ்டன் நகரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டொக்டர்களை நீண்ட நேரம், குறைந்த நேரம் என இரண்டு முறையிலும் வேலை செய்யவைத்துப் பார்த்தது. 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பழைய முறையில் பாரதூரமான பிழைகள் 36 வீதம் கூடுதல். நோயைத் தீர்மானிப்பதில் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல். குறைந்த நேர முறையில் டொக்டர்கள் அடிக்கடி மாறினார்கள். அப்படியும் பிழைதான் குறைந்தது.

2019இல் வந்த அமெரிக்க ஆய்வைச் சிலர் தூக்கிக் காட்டுவார்கள்: நீண்ட நேரம் நின்றாலும் இறப்பு கூடவில்லையாம். அந்த ஆய்வில் இரு பக்கத்துக்கும் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்ற உச்சவரம்பு இருந்ததை ஏன் சொல்வதில்லை? இங்கே எச்.ஓ.வுக்கு நடைமுறையில் வரம்பே இல்லை. அதோடு, இறப்பை மட்டும் எண்ணினால் நேர்ஸும் மருந்தாளரும் இடைமறித்த பிழைகள் கணக்கில் வராது.

கைமாறும்போது தகவல் தவறுகிறது என்பது உண்மை. அதற்கு மருந்து, ஒழுங்காகக் கைமாற்றுவது. யார் கடும் வருத்தம், என்ன செய்யக் கிடக்கிறது, இரவில் என்ன நடக்கலாம் என்று ஒரே ஒழுங்கில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும் முறையை வட அமெரிக்காவில் 9 ஆஸ்பத்திரிகள் பழக்கின. பிழைகள் 23 வீதம் குறைந்ததாக 2014இல் எழுதினார்கள். இதற்கு மெஷின் தேவையில்லை.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தர மாட்டேன். பிளேன் டீ குடித்தால் சரியாகிவிடுமாம். ஆகாது. தேயிலை கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வைக்கும், விட்ட நித்திரையைத் திருப்பித் தராது. தனியார் ஆஸ்பத்திரியில் களைக்காத டொக்டர் கிடைப்பாராம். அங்கே பின்னேரம் உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் காலையில் அரசாங்க வார்ட் சுற்றிவிட்டு வந்தவர்தான். டொக்டர் இல்லை, அதனால் வழியில்லை என்பது இன்னொன்று. இறுதிப் பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளைகள் நியமனத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சு முதலில் அந்த இடைவெளியை மூடட்டும். ஒரே மூச்சில் 24 மணித்தியாலத்துக்கு மேல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று சுற்றறிக்கையில் எழுதி, அதை நடைமுறைப்படுத்தட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான் பல காலமாகக் கத்துவதும் அதைத்தான். இரவு இரண்டு மணிக்குக் களைத்துப்போன டொக்டர் சிங்களத்தில் கேட்க, கொட்டாஞ்சேனை ஆச்சி தமிழில் பதில் சொல்ல, இடையில் மருந்தின் பெயர் தொலைகிறது. வீட்டில் விழுங்கும் எல்லா மருந்தையும், அளவோடும் நேரத்தோடும் ஒரு கடதாசியில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மருந்துப் பெயரை உறையில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். மருந்து வாங்கும்போது, எத்தனை, எப்போது என்பதை உறையில் தமிழிலும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. "தமிழ் தெரிந்த ஆள் இல்லை" என்று கவுண்டரில் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.