பாறை உச்சியில் பார்வை நேரம்

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில் கலம்பாக்கா என்னும் சிற்றூர் உள்ளது. அதனை ஒட்டிச் செங்குத்தான பாறைகள் பல தூண்களைப் போல் எழுந்து நிற்கின்றன. அவற்றின் உச்சியில் கிறிஸ்துவ சமயத்தின் ஒரு பிரிவான ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் மடாலயங்கள் அமைந்துள்ளன. இவ்விடத்தின் பெயர் மெத்தியோரா. ‘அந்தரத்தில் நிற்பவை’ என்பது அதன் பொருள். முன்பு இருபதுக்கும் மேற்பட்ட மடாலயங்கள் இங்கு இருந்தன. இன்று ஆறு மட்டுமே இயங்குகின்றன. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

துறவிகள் இந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தனிமையும் பாதுகாப்பும்தான். அக்காலத்தில் அங்குப் படிகள் இல்லை. ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் யாரும் ஏற முடியாது. உணவுப் பொருள்கள் மட்டுமல்ல, மனிதர்களும் வலைக்குள் அமர்ந்து கயிற்றால் மேலே இழுக்கப்பட்டனர். மேலே இருப்பவர் மனம் வைத்தால்தான் கீழே இருப்பவர் உள்ளே போகலாம். 1920களில் பாறையில் படிகள் வெட்டப்பட்டன. பின்னர்ச் சாலை வந்தது; பேருந்துகளும் வந்தன.

இன்று கயிற்றின் வேலையைக் கதவில் தொங்கும் கால அட்டவணை செய்கிறது. ஒவ்வொரு மடாலயமும் வாரத்தில் குறைந்தது ஒரு நாள் பார்வையாளர்களுக்குக் கதவை அடைத்துவிடும். கன்னியர் வாழும் புனித ஸ்தேவான் மடாலயத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அங்கு நண்பகலிலும் சில மணி நேரம் நடை சாத்தப்படும். கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு வேறொரு நேரம். இதனைக் கேட்டறியாமல் வருபவர், நூற்றுக்கணக்கான படிகள் ஏறிய பிறகு மூடிய கதவைத்தான் காண்பார். ‘இவ்வளவு தூரம் வந்தோமே!’ என்று அவர் வருந்துவது இயல்பே. ஆனால், அக்கதவுக்குப் பின்னால் இருப்பது அரும்பொருளகம் அன்று, சிலருடைய வீடு. வழிபாடு, சமையல், தோட்ட வேலை எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

உடைக்கும் கட்டுப்பாடு உண்டு. பெண்கள் முழங்காலை மறைக்கும் பாவாடையும் ஆண்கள் நீளக் கால்சட்டையும் அணிய வேண்டும். பாவாடை இல்லாத பெண்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள வாசலிலேயே துணி கொடுப்பார்கள்.

ஒருமுறை துறவிகளின் பொறுமை எல்லை கடந்தது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றின் காட்சிகள் பரிசுத்த திரித்துவ மடாலயத்தைச் சுற்றிப் படமாக்கப்பட்டன. துறவிகள் அதனை விரும்பவில்லை. அவர்கள் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. துவைத்த துணிகளையும் பிளாஸ்டிக் விரிப்புகளையும் கூரையிலும் சுவரிலும் தொங்கவிட்டுக் காட்சியின் அழகைக் கெடுத்தனர்!

எனினும், கதவை ஒரேயடியாக மூடுவதும் எளிதன்று. புனித நிக்கோலஸ் மடாலயத்தில் 1527ஆம் ஆண்டில் தியோபானிஸ் என்னும் ஓவியர் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. ஐந்நூறு ஆண்டுப் பழமையான இத்தகைய ஓவியங்களையும் கட்டடங்களையும் பராமரிக்கப் பணம் வேண்டும். பார்வையாளர்கள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அதற்கு உதவுகிறது. ஆகவே, காலையில் கதவு திறக்கிறது. குறித்த நேரத்தில், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், மூடப்படுகிறது.