பூம்புகாரில் பௌத்தப் பள்ளி

கேள்வி: மணிமேகலை காலத்துப் பூம்புகாரில் பௌத்தம் இருந்ததற்கு மண்ணுக்கடியில் சான்று கிடைத்திருக்கிறதா?
– வாசகர், சீர்காழி

பதில்: கிடைத்திருக்கிறது. மேலையூர்ப் பல்லவனீச்சரத்தில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், வரிசையான அறைகளோடு செங்கல் விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது. காலம் கி.பி. 4–5ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சிறிய உலோகப் புத்தரும் அங்கே கிடைத்தார்.

என்னை மிகவும் ஈர்ப்பது அங்கே கிடைத்த, சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதம்தான். பாதத்தில் சுவஸ்திகம், பூரண கும்பம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. வண்டல் மண் தவிர வேறு காணாத டெல்டாவில் அந்தக் கல் ஏது? கல்லும் வேலைப்பாடும் ஆந்திரத்து அமராவதியை நினைவூட்டுகின்றன. மணிமேகலைக் காப்பியமும் பூம்புகாரின் உவவனம் என்ற சோலையில் இருந்த பாதபீடிகையை, அதாவது புத்தரின் பாதபீடத்தை, பேசுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சாதிக்க ஆதாரமில்லை. கடற்கரையோடு திரும்பிவிடாமல், அடுத்தமுறை பல்லவனீச்சரத்து விகாரையையும் அவசியம் பாருங்கள்.