உடல் ஏற்கும் அளவு

பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ்பெற்ற நகரம் திருப்பூர். சாயக் கழிவால் நொய்யல் மாசடைந்தபோது, அந்நகரம் ஓர் உண்மையை உணர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிட, நீரில் கரைந்து புலப்படாமல் நிற்கும் உப்புகளை நீக்குவதே கடினம் என்பதே அவ்வுண்மை. 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதற்கும் இக்கழிவே காரணம்.

நீரில் கரைபவை ஆலைக்கழிவுகள் மட்டுமல்ல. கொங்கு நாட்டின் நிலத்தடியில் உள்ளவை போன்ற தொன்மையான கருங்கல் பாறைகளில் யுரேனியம் இயற்கையாகவே சிறிதளவு கலந்திருக்கும். பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரையக்கூடும். எனவே, ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்ந்தறிந்து பருகுதல் வேண்டும்.

விழுங்கிய யுரேனியத்தில் நூற்றில் ஓரிரு பங்கே குடலிலிருந்து குருதியில் சேர்கிறது. எஞ்சியது மலத்துடன் வெளியேறுகிறது. குருதியில் சேர்ந்ததில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் ஒரு நாளுக்குள் வடித்து வெளியேற்றுகிறது. அவ்வாறு வடிக்கும் உறுப்பே முதலில் பாதிக்கப்படுகிறது. இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கம் மெலிதானது. ஆகவே, கன உலோகம் என்ற வகையில் அது விளைவிக்கும் வேதியியல் தீங்கே முதன்மையாகக் கருதப்படுகிறது.

ரேடியத்தின் இயல்பு வேறு. விழுங்கியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குருதியில் சேர்கிறது. கால்சியத்தை ஒத்திருப்பதால் எலும்பில் படிந்து, அங்கிருந்தே கதிர்வீச்சைச் செலுத்துகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கடிகார முகப்புகளுக்கு ரேடிய வண்ணம் தீட்டிய பெண்கள் தூரிகை முனையை உதட்டால் கூராக்கினர். அவர்களுள் பலர் தாடையெலும்பு சிதைந்தும் எலும்புப் புற்று கண்டும் மாண்டனர். அவர்தம் துயரமே பின்னாளில் பாதுகாப்பு வரம்புகளை வகுக்கச் சான்றாயிற்று.

இவ்வாறு, எவ்வளவு விழுங்கப்படுகிறது, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது, எவ்வுறுப்பில் தங்குகிறது ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே வரம்பு வகுக்கப்படுகிறது. குடிநீரில் யுரேனியத்திற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அந்நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் பருகுபவர் 60 மைக்ரோகிராம் விழுங்குகிறார். அவர் குருதியில் சேர்வது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராமே. 1998இல் இவ்வளவு 2 மைக்ரோகிராமாகவும், 2004இல் 15 மைக்ரோகிராமாகவும் இருந்தது. சான்றுகள் பெருகப் பெருக வரம்பும் திருத்தப்படுகிறது.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், உலோகம் அகலாது. சாயக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கத் திருப்பூர் கையாளும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையே யுரேனியத்தையும் நீக்க உதவும். நிறமும் மணமும் சுவையும் காட்டித்தராத நஞ்சை ஆய்வு ஒன்றே காட்டித்தரும்.