மட்டக்களப்பிற் சமயமும் சமாதானமும்

சிவம் என்னுஞ் சொல்லுக்கு மங்கலம் என்பது பொருள். அயலார் அஞ்சி வாழும் ஊரில் மங்கலம் நிலைபெறாது. ஆதலின் சமாதானம் பேணுதல் சைவாசிரியர் கடமைகளுள் ஒன்றாம். அஃது எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு குலைகின்றது என்பதை மட்டக்களப்பு வாவிக்கரை வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, குடிவழி. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி கொள்பவர். ஒரே குடிக்குள் மணஞ்செய்தல் இருசாராருள்ளும் வழக்கன்று. கோயிற் கருமங்களைக் குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் நடத்துமாறுபோலப் பள்ளிவாசற் கருமங்களை மரைக்காயர்மார் நடத்திவந்தனர். வழிபாடு வேறாயினும் முறைமை ஒத்திருந்தமையால், பிணக்கு நேர்ந்தவிடத்து யாரிடஞ் சென்று பேசுவது என்பதை அறிதல் எளிதாயிற்று.

இரண்டாவது, கல்வி. காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள், கத்தோலிக்கக் குருமார் நடத்திய மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்றவர். இராமகிருஷ்ண சங்கத் துறவியாகி, 1929 இற் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்து ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களோ, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் பயின்ற முஸ்லிம் அறிஞர். 1942 இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, அங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடிகளோடு நட்புப் பூண்டிருந்தார். கத்தோலிக்கப் பள்ளியிற் கற்றவர் இந்துத் துறவியாயினார். சைவப் பள்ளியிற் கற்றவர் முஸ்லிம்களின் தலைவராயினார். இருவரும் தஞ்சமயத்தை இழந்திலர், பிறரை அறிந்தனர்.

இவ்விரண்டும் இருந்தும் 1990 இற் கொடுமை விளைந்தது. ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். செப்டெம்பர் 9 ஆந் திகதி சத்துருக்கொண்டானிலே, பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பணிபுரிந்த இயேசு சபைக் குரு இயூஜின் ஹேபேர்ட், ஓகஸ்ட் 15 ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியிற் காணாமற்போனார்.

ஆயுதமேந்தியோர் ஊர்ப்பெரியாரை உசாவிச் செய்திலர். எனினும், நம்மவர் இழப்பை மாத்திரம் ஓதி அயலார் இழப்பை மறைப்போமாயின், நாமும் பகையையே கற்பிப்போராவோம். 2019 ஏப்பிரில் 21 ஆந் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் பிறவிடங்களிலும் குண்டுவெடித்து மக்கள் மாண்டபோது, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, கொலைஞரின் உடல்களை அடக்கஞ்செய்ய ஏற்க மறுத்தது. தன் சமயத்தார் செய்த தீமையைத் தானே கண்டித்தல் சமாதானத்துக்கு இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.

இன்று தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் வேறுவேறாக நடைபெறுகின்றன. அயலூர்ப் பிள்ளையோடு ஒருநாளேனும் ஒருங்கிருந்து கல்லாமலே ஒரு பிள்ளை கல்வியை முடித்தல் கூடும். ஆதலின், ஆசிரியர்காள்! காத்தான்குடியையும் சத்துருக்கொண்டானையும் ஒரே பாடத்திற் கூறுமின். அயற்பாடசாலை ஆசிரியரைக் கலவர நாளுக்கு முன்னரே அறிந்து கொண்மின்.

மாணாக்கர்க்கு வினாக்கள்:

1. வண்ணக்கர், மரைக்காயர் என்போர் யாவர்? அவர்தம் பணிகள் எவ்வாற்றால் ஒத்தன?
2. அடிகளும் அஸீஸ் அவர்களும் பிறசமயத்தார் பள்ளியிற் கற்றதனால் எய்திய பயன் யாது?
3. நம்மவர் செய்த தீமையை நாமே கூறுதல் ஏன் வேண்டும்?